காட்டிக்கொடுக்கும் மருந்து

சாந்தோம், சென்னை
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜான்சிக்கு நைனா எழுதுவது.

முதலில் என் அசட்டுத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் நீ கேள்விப்படக் கூடாது. நேற்று உனக்கு நாலு பக்கம் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உனக்கு வந்திருக்காது. அது ‘லூப் ரோடு காலை நடை’ குழுவுக்குப் போய்விட்டது. குழுவில் நாற்பத்தொரு பேர். கடிதத்தில் ‘வெடிமருந்து’ என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தேன். ‘என்னை மன்னித்துவிடு’ என்று மூன்று இடத்தில். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நீயே பார்த்துக்கொள்.

காலையில் கலங்கரை விளக்கம் பக்கம் டீக்கடையில் நின்றேன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கன் சார் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். “என்ன ஓய் செபஸ்தியான், ஆத்துல உக்காந்துண்டு என்னதான் பண்ணிண்டிருக்கீர்? அந்தக் கடுதாசியில என் பேரு எங்கேயும் வரலையே?” என்று கேட்டார்.

பீர் முஹம்மது பாய் நேராகவே சொல்லிவிட்டார். “போலீசு வந்தா உன்ன எங்களுக்குத் தெரியாது மச்சி. வாக்கிங் வேற, ஜாமீன் வேற.”

என் மகள் ஆஸ்திரேலியாவில் பிஸ்டல் போட்டிக்குப் போகிறாள், லைசென்ஸ் இருக்கிறது, அந்த ஊர்ச் சட்டப்படி தோட்டாவை வீட்டிலேயே தானே நிரப்பிக்கொள்கிறாள் என்று விளக்கி முடிப்பதற்குள் என் டீயில் ஆடை கட்டிவிட்டது.

“எக்ஸ்ரே எடுக்கற பொண்ணுன்னு சொல்லிக்கினு இருந்தியே” என்றார் பாய்.

“அதுவும் எடுக்குது பாய்” என்றேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் நீ வீடியோவில் உன் மேசையைக் காட்டினாய். தராசு, பித்தளைக் கூடுகள், ஒரு டப்பா மருந்து. பயந்துபோனேன். பயந்தால் நான் ஜோக் அடிப்பவன் என்பது உனக்குத் தெரியும். “பிளஸ் டூ பிராக்டிகல்ல ஒரு உப்பக் கண்டுபுடிக்கத் தெரியாம ரெண்டு உப்பு பேர எழுதி வச்சவ, இவ கையில வெடிமருந்தா?” என்று கேட்டுவிட்டேன். உன் அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. “இனிமே போன் பண்ணாத நைனா. எதுனா சொல்லணும்னா எழுது. எழுதறப்பவாவது யோசிப்ப” என்று வைத்துவிட்டாய்.

இரண்டு மாதமாக யோசிக்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவனுக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரமாகும். நீ படித்த அதே பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேதியியல் லேப் அட்டெண்டராக இருந்தேன். பாட்டில் தூக்கியதைத் தவிர எனக்கு வேதியியல் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். உன் மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறாய்? எழுது. புரியாவிட்டாலும் படிப்பேன்.

அம்மா வஞ்சிரம் வறுக்கிறாள். உன் பெயரைச் சொல்லித்தான் வறுக்கிறாள், சாப்பிடப்போவது நான்.

நைனா

*

அடிலெய்டு
6 ஆகஸ்ட் 2025

நைனாவுக்கு,

அந்த நாலு பக்கத்தை இப்போதும் நீ எனக்கு அனுப்பவில்லை. நாற்பத்தொரு பேர் படித்துவிட்டார்கள், நான் மட்டும் படிக்கவில்லை. பரவாயில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஒரு தோட்டாவில் நாலு பொருள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுவெடி போல ஒரு சின்ன மூடி, உள்ளே மருந்து, மேலே ஈயக் குண்டு. கடையில் விற்பது எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. என் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகும் என்று அதற்குத் தெரியாது. இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டம் ஐந்து சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டு டபரா அதைவிடப் பெரிது. அதனால்தான் நானே நிரப்புகிறேன்.

தீபாவளிப் பட்டாசில் இருக்கிற கரிமருந்து இல்லை இது. புகை அதிகம் வராத வகை. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் செதில்கள். ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வேகத்தில் எரியும். என் துப்பாக்கிக் குழல் குட்டையானது, குண்டு அதை விட்டு வெளியேறுவதற்குள் எரிந்து முடிகிற வேகமான மருந்துதான் வேண்டும். மெதுவானதைப் போட்டால் பாதி எரியாமலே வெளியே துப்பும். வேகமானதில் கொஞ்சம் கூடிப்போனால் துப்பாக்கி பிளக்கும், கையும் கண்ணும் மிஞ்சுவது நம் அதிர்ஷ்டம். மருந்து செய்யும் நிறுவனம் அச்சிட்ட அளவைத் தாண்டி நான் எப்போதும் போனதில்லை. ஒரு தோட்டாவுக்கு ஏறக்குறைய ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

அந்த அளவுக்குக் கூட்டின் பெரும்பகுதி காலியாகத்தான் கிடக்கும். உள்ளே மருந்து முன்பக்கம் சரிந்திருக்கிறதா பின்பக்கம் சரிந்திருக்கிறதா என்பதற்கே குண்டின் வேகம் மாறும். நான் கையை எப்படித் தூக்குகிறேன் என்பதைக்கூட அது கவனிக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். செப்டம்பர் பதினாலாம் தேதி மாநிலப் போட்டி. நான் வழக்கமாகப் போடும் மருந்து தீர்ந்துவிட்டது. டிசம்பர் வரை எந்தக் கடையிலும் வராதாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கடையில் கிடைக்கும் வேறொரு மருந்து. அவல் போலப் பொசுபொசுவென்று இருக்கும். அளக்கும் குப்பியில் ஒட்டிக்கொண்டு இறங்காது, ஒவ்வொன்றையும் கையால் நிறுக்க வேண்டும். முந்நூறு தோட்டா. அதில் ஒரே நல்லது, கவனம் தப்பி ஒரே கூட்டில் இரண்டு முறை போட்டுவிட்டால் கூடு நிரம்பி வழியும்.

இன்னொரு வழி கிரெக். எங்கள் கிளப்பில் இருந்தவர், கண் மங்கியதால் சுடுவதை விட்டுவிட்டார். ஊறுகாய் பாட்டில் ஒன்று நிறைய மருந்து தந்தார். “நீ போடுவதேதான், டப்பா உடைந்தது, மாற்றிவைத்தேன்” என்றார். மூடியில் அளவு மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறது. பார்க்க அதேதான். வாசனையும் அதேதான். அனேகமாக அதைத்தான் போடுவேன்.

ஜான்சி

*

சாந்தோம்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜான்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படித்துவிட்டு ஒரு பொட்டலம் ரவையை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். வெள்ளிக் கடை தௌசீஃபை உனக்கு நினைவிருக்கும், உன் கொலுசுக்குத் திருகு மாற்றித் தந்தவன். அவனிடம் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கிறது.

“இன்னா மாமா, ரவைய அடகு வைக்க வந்துகீறியா? சக்கரையும் எடுத்தாந்தா கேசரிக்கு லோன் போட்டுத் தர்றேன்” என்றான்.

“ஒரு கிராம்ல பத்துல ஒரு பங்கு வைக்கணும்டா. கையால வைக்கறேன், கரெக்டா வருதா பாரு” என்றேன்.

முப்பத்தோரு வருஷம் சோதனைக் குழாயில் சிட்டிகை சிட்டிகையாக உப்புப் போட்டவன் நான். என் கையே தராசு என்று பையன்களிடம் பீற்றிக்கொண்டவன். முதல் சிட்டிகை மூன்று பங்கு காட்டியது. அடுத்தது இரண்டரை. அதற்கடுத்தது ஏறக்குறைய நாலு. ஒரு தடவையும் ஒன்றுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தௌசீஃப் ஒரு பல்குத்தும் குச்சியால் தள்ளித் தள்ளி எடுத்தான். கடைசியில் தட்டில் மிஞ்சியது பார்வைக்கே இல்லை. சட்டையில் விழுந்தால் தட்டிவிட்டுப் போகிற அளவு. அப்போதும் எண் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது.

“ஃபேன நிறுத்துறேன் இரு” என்றான். நிறுத்தினான். இன்னும் ஆடியது. “மாமா, உன் மூச்சு” என்றான்.

மூச்சைப் பிடித்தேன். எண் நின்றது.

அந்த நொடியில் கடைக்கு வெளியே ஹைரோட்டில் பஸ் போகிறது, ஆட்டோக்காரன் எவனையோ திட்டுகிறான், எல்லாம் தூரத்தில் கேட்டது. என் மகள் இதை முந்நூறு தடவை செய்கிறாள் என்று நினைத்தேன். நான் ஒரு தடவை செய்ததற்கே சர்ச்சில் நிற்கிற மாதிரி நின்றேன்.

சரி, இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த ஊறுகாய் பாட்டிலில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா? அளவு மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாய். ‘பார்க்க அதேதான்’ என்றும் எழுதியிருக்கிறாய். அந்த இடம் எனக்கு மீன் முள் மாதிரித் தொண்டையில் நின்றது. அதைத் தொடாதே. அவல் மருந்தை எடு.

நைனா

*

அடிலெய்டு
13 ஆகஸ்ட் 2025

நைனாவுக்கு,

ரவை விஷயம் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

ஆனால் கிரெக்கை உனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் சுட்டவர். ஒரு நாள்கூடத் துப்பாக்கியைத் தப்பான பக்கம் திருப்பாதவர். என் மேல் பிரியப்பட்டுத் தந்ததை, உனக்கு முள் நின்றது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. முந்நூறையும் கையால் நிறுக்க எனக்கு நேரமும் இல்லை, வேலை நாளில் பத்து மணி நேரம் நிற்கிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி சனிக்கிழமை உட்கார்ந்து நிரப்பப்போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒரு உப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்று பதினோரு வருஷமாக என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அப்படிப்பட்டவளுக்கு நீ எதை வைத்து மருந்து தேர்ந்தெடுத்துத் தருகிறாய்? உன் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?

ஜான்சி

*

சாந்தோம்
15 ஆகஸ்ட் 2025

ஜான்சிக்கு,

ஏன் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன். இதை எழுத மூன்று தாள் கிழித்தாயிற்று. இது நாலாவது. இந்தத் தடவை யாருக்குப் போகிறது என்று இரண்டு தரம் பார்த்துத்தான் அனுப்புவேன்.

பெயர் இல்லாத பாட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் செய்திருக்கிறேன். உனக்கே செய்திருக்கிறேன்.

2014, பிப்ரவரி. உன் பிராக்டிகல் தேர்வு. அட்டெண்டர்கள் பையன்களுக்கு உப்பைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் நம் பள்ளிக்கூடத்தில் இருந்தது, உனக்கும் தெரியும். மேசை துடைக்கும் துணி என் இடது தோளில் கிடந்தால் குளோரைடு, வலது தோளில் கிடந்தால் சல்பேட், கையில் சுருட்டி வைத்திருந்தால் கார்பனேட். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை பேரைத் தோளாலேயே தேற்றிவிட்டேன் என்று கணக்கே இல்லை. நீ உள்ளே வந்தபோது மட்டும் துணியை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் தோளோடு நின்றேன். என் பெண்ணுக்கு அது தேவையில்லை என்ற திமிர்.

அன்று காலை பாட்டில்களை நிரப்பும்போது ஏழாம் எண்ணில் ஜிங்க் சல்பேட் அடியில்தான் இருந்தது. புதுப் பாட்டில் பீரோவில். பீரோ சாவி ஆபீசில். ஆபீஸ் இரண்டு மாடி கீழே. என் முட்டிக்கு அது பிடிக்கவில்லை. அலமாரியில் லேபிள் உரிந்துபோன ஒரு குப்பி இருந்தது. வெள்ளையாக இருந்தது. பார்க்க அதேதான். எடுத்துக் கொட்டி நிரப்பினேன்.

அது அம்மோனியம் குளோரைடு.

அன்று அந்தப் பாட்டில், கடைசி பேட்சில் வந்த உன் ஒருத்திக்குத்தான் விழுந்தது. நீ இரண்டு உப்பின் பெயரையும் எழுதினாய். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், “ரெண்டு பேரு எழுதி வச்சா ஏதாவது ஒண்ணு மாட்டும்னு பாத்தியாம்மா?” என்றார். உங்கள் வேதியியல் வாத்தியார் சுந்தரராமன் சார், “இது பரீட்சை, லாட்டரி சீட்டு இல்ல” என்றார். லேப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டு மதிப்பெண் போயிற்று. மருத்துவப் படிப்புக்கு உனக்கு ஒன்றரைதான் குறைந்தது.

எனக்கு அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அந்த ஜோக்கை நானே ஊதி ஊதி வளர்த்தேன். நான் சிரிப்பதை நிறுத்தினால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயம்.

நீ தப்பாக எழுதவில்லை. அந்த லேபில் அன்று சரியாக எழுதியவள் நீ ஒருத்திதான்.

கிரெக் நல்லவராக இருக்கட்டும். நானும் கெட்டவன் இல்லை, முட்டி வலிக்காரன். உன் கடிதத்தில் அவல் மருந்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாய், இரண்டு முறை போட்டால் வழியும் என்று. தப்புச் செய்தவனை அந்த இடத்திலேயே காட்டிக்கொடுக்கிற மருந்து ஒன்று உலகத்தில் இருக்கிறதா? என் ஏழாம் எண் பாட்டில் அப்படி இல்லை. வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்து என் கட்சியில் நின்றுவிட்டது.

அதை எடு ஜான்சி. முந்நூறையும் கையால் நிறு. என்னை மன்னிக்க வேண்டாம். பாட்டிலைத் தொடாதே, அது போதும்.

நைனா

*

அடிலெய்டு
24 ஆகஸ்ட் 2025

நைனாவுக்கு,

ஒன்பது நாள் பதில் போடவில்லை. நீ எப்படி இருந்திருப்பாய் என்று தெரியும். வேண்டுமென்றுதான் போடவில்லை.

நேற்று சனிக்கிழமை. பாட்டிலைத் திறந்தேன். தோட்டாவில் போடுவதற்கு இல்லை. எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டி ஒன்று பழையது என்னிடம் இருக்கிறது. அதன் மேல் ஒரு சிட்டிகை மருந்தைப் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதலில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. கண் பழகப் பழகப் பிரிந்துவந்தது. பெரும்பாலும் வட்டச் செதில். நடுநடுவே வட்டத்தைவிடச் சிறிதாக, கொஞ்சம் பச்சை ஓடின, தட்டையான உருண்டைகள். இரண்டு மருந்து. எது எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிரெக் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவருக்கு அந்தச் சின்னது தெரியவே இல்லை. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். “கடைசியாக மிஞ்சியதை இதில் கொட்டியிருப்பேன் போல, நினைவில்லை” என்றார். பிறகு அவரே பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்ப் புல்வெளியில் மெல்லியதாகத் தூவித் தண்ணீர் விட்டார்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன்.

எனக்கு அன்றே தெரியும் நைனா. காஸ்டிக் சோடா விட்டுச் சூடாக்கியதும் அம்மோனியா மூக்கில் ஏறியது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளை மாவு மாதிரி, இன்னொரு வெள்ளை மினுக்கியது. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ தோளில் துணி இல்லாமல் நின்றாய், ரொம்பப் பெருமையாக. பாட்டிலை நிரப்பியது யார் என்று கேட்டால் உன் வேலை போய்விடும். அதனால் பாட்டிலைப் பற்றி எதுவும் பேசாமல், கண்டதை மட்டும் எழுதினேன். நீயே சொல்வாய் என்று இருந்தேன். அன்று வராந்தாவில், பஸ்ஸில், வீட்டில், ஒரு வாரம், ஒரு மாதம்.

எட்டு மதிப்பெண் போகட்டும். எக்ஸ்ரே எனக்குப் பிடித்த வேலை. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சித்தப்பா வீட்டில், நான் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்க, நீ அந்தக் கதையை எடுப்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். உனக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சுந்தரராமன் சாரைப் பார். அவருக்கு எழுதாதே. எழுத உனக்கு வந்துவிட்டது. வாயால் சொல்.

அவல் மருந்து வாங்கிவிட்டேன்.

ஜான்சி

*

அடிலெய்டு
15 செப்டம்பர் 2025

நைனா,

நேற்று போட்டி முடிந்தது. அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்து நாலு. நாலாவது இடம். நான் இதுவரை எடுத்ததில் இதுதான் அதிகம். அட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தேன், பத்து மதிப்பெண் வட்டத்தின் நடுவில், அதில் சுட்ட ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாகப் போயிருந்தது. என்னுடையதுதானா என்று எண்ணைச் சரிபார்த்தேன்.

ஆனால் எழுத வந்தது அதை இல்லை. முந்நூறையும் எட்டு நாளில் நிறுத்து முடித்தேன். நூற்று எழுபத்து மூன்றாவது கூடு. தராசுத் தட்டிலிருந்து கூட்டில் கொட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, ஜன்னலைப் பார்த்தேன், திரும்பினேன். அடுத்த அளவை நிறுத்து அடுத்த கூட்டில் கொட்டினேன், கொட்டியதாக நினைத்தேன். மேசையில் வழிந்தது. போட்ட கூட்டிலேயே மறுபடி போட்டிருக்கிறேன்.

பழைய மருந்தாக இருந்தால் இரண்டு மடங்கும் பேசாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கூட்டையும் டார்ச் அடித்துத்தான் பார்ப்பேன். அன்றும் பார்த்திருப்பேன். பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை, மேசை மேல், அத்தனை வெளிச்சமாகத் தெரிந்தது.

சாரைப் பார்த்தாயா?

ஜான்சி

*

சாந்தோம்
19 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜான்சிக்கு,

நூற்று எழுபத்து மூன்றாவது கூட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதைப் படித்த நேரத்திலிருந்து வலது கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது பேனா. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய், மாதா படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் எண்ணெய் ஊற்றினாள். ஏற்கெனவே நிறைய இருந்தது. வழிந்தது.

ஐந்நூற்று எழுபத்து நாலைக் குழுவில் போட்டேன், இந்தத் தடவை தெரிந்தே. பீர் முஹம்மது பாய், “அறுநூறுக்கா? மிச்சம் இருபத்தாறு எங்க போச்சாம்?” என்றார். கஸ்தூரிரங்கன் சார் அவரை முறைத்தார். “ஓய், நீர் அறுநூறு தடவை கல்லு எறிஞ்சா ஒரு தடவை கடல்ல விழுமா?” என்றார். இப்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சாரைப் பார்த்தேன். நேற்று.

கோட்டூர்புரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். அங்கே இருக்கும் பெரிய நூலகத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். மூன்றாவது சுற்றில் வாசல் காவலாளி, “இன்னா பெரியவரே, எதுனா தொலைச்சிட்டியா?” என்று கேட்டதால் நேராக சார் வீட்டுக்குப் போய்விட்டேன். சார் மெலிந்துவிட்டார். “வாங்கோ செபஸ்தியான்” என்று நாற்காலி போட்டார். முப்பது வருஷத்தில் அவர் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. நேற்றும் நின்றுகொண்டே சொன்னேன். லேபிள் உரிந்த குப்பி, பீரோ சாவி, முட்டி, எல்லாவற்றையும். நீ சொன்னபடி, வாயால்.

முடிந்த பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அம்மோனியா வாசனை வந்துதுன்னு அவ பேப்பர்ல எழுதியிருந்தா. நான் படிச்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு. ஜிங்க் சல்பேட்ல அம்மோனியா எங்கேர்ந்து வரும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போறும். நான் லாட்டரின்னு சொன்னேன்” என்றார்.

பிறகு மகளிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார். உனக்கு வந்த இரண்டு உப்பையும் எழுதி, எந்தச் சோதனைக்கு எது எப்படி மாறிக் காட்டியிருக்கும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தார். கை தானாக எழுதியது. ஒரு இடத்தில் நிறுத்தி, “கலந்த உப்பைப் பிரிக்கறது பிளஸ் டூ பாடத்துலயே கிடையாது செபஸ்தியான். காலேஜ்ல வரது. யாரும் சொல்லிக்குடுக்காம, பதினேழு வயசுல, பரீட்சைல உக்காந்துண்டு பண்ணியிருக்கா” என்றார். சொல்லிவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு கிழவர்கள், ஒரு துண்டுத் தாள் முன்னால், கோயிலில் திரை விலகியதும் நிற்பார்களே அப்படி நின்றோம்.

உன் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். அவர் உனக்கு எழுதுவார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். “ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?” என்றார்.

“அப்புறமாத்தான் சார்” என்றேன். உனக்கு எழுதினேனே, அதேபோல. அவரும் தலையாட்டினார். லிப்ட் வந்தது.

மற்றதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டேன், ஜான்சி. இந்த ஒன்றைச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே எனக்குத் தெரியும். பாட்டில்களைக் கழுவப் போட்டபோது, ஏழாம் எண்ணில் மிஞ்சியிருந்ததைக் குழாயில் போட்டு, காஸ்டிக் சோடா விட்டு நானே சூடாக்கிப் பார்த்தேன். உனக்கு ஏறிய அதே வாசனை எனக்கும் ஏறியது. பக்கத்து அறையில் தேர்வாளர் மதிப்பெண் பட்டியலை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். உறை இன்னும் ஒட்டவில்லை. நீ வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு லேப் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். “செபஸ்தியான், அரக்கு கொண்டா” என்று அவர் கூப்பிட்டார். எந்த அடுப்பில் அந்த உப்பைச் சூடாக்கிப் பார்த்தேனோ, அதே அடுப்பில் அரக்கை உருக்கி எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன்.